புதுப்பட்டினத்தில் ஒட்டாத தகடு

எனக்குப் பயணம் பிடிக்காது. ஊர் ஊராகப் போய்க் கடலைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன் என்று எழுதுகிறவர்களையும் பிடிக்காது. ஓசூரில் என் வீட்டிலிருந்து தொழிற்சாலை வரை போய்வருவதே எனக்குப் போதுமான பயணம். ஆனாலும் வைகாசி வெயிலில் செங்கல்பட்டுப் பக்கம் கிளம்பினேன். காரணம் ஒரு போன்.

போன் செய்தவர் ஹமீது பாய். புதுப்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். "உங்க பிளேட்டு ஒட்டல. இங்க ஒரு பொம்பள சோறு துன்றதையே வுட்டுட்சி. வந்து பாருங்க, இல்லாங்காட்டி அந்த பிளேட்ட எடுத்து உங்க வாயில ஒட்டிக்குங்க" என்று கத்தினார். புகார் கேட்பதுதான் என் வேலை. கத்துகிறவர்களிடம் திருப்பிக் கத்திவிட்டு வைத்துவிடுவது என் பழக்கம். இவரிடம் அப்படி முடியவில்லை. சோறு தின்பதை விட்டுவிட்டாள் என்றாரே, அது காதிலேயே நின்றுவிட்டது.

பிளேட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குடலில் பெரிய ஆபரேஷன் செய்தவர்கள் சிலருக்கு, மலம் வெளியேற வயிற்றிலேயே ஒரு வழி வைத்துவிடுவார்கள். அந்த வழிக்கு மேல் ஒரு பை மாட்டிக்கொள்ள வேண்டும். பையை வயிற்றோடு பிடித்து வைப்பது உள்ளங்கை அகலமுள்ள ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் முழுக்கப் பசை. ஆஸ்பத்திரியிலும் கடையிலும் பிளேட் என்பார்கள். அதைத்தான் நாங்கள் செய்கிறோம். அது ஒட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலுக்கு மாறினேன். ஓசூரில் இந்த மாதத்திலும் சாயங்காலம் காற்று வரும். இங்கே காற்று என்ற பெயரில் ஈரத்துணியை முகத்தில் போட்டு மூடுகிறார்கள். எனக்கு எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் ஸ்டிக்கர் பொட்டு வியர்வையில் நழுவி மூக்குக்கு வந்துவிட்டது.

"எச்சி தொட்டு ஒட்டுடீ" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எச்சில் பட்டா இருக்கறதும் போயிடும். நெத்தியை நல்லாத் துடை. பொட்டை வெச்சுக் கட்டை விரலால அழுத்திப் பிடி. உடனே எடுக்காதே, பிடிச்சுக்கிட்டே இரு" என்றேன்.

அவள் பயந்துபோய் அப்படியே செய்தாள். "ஆன்ட்டி பொட்டு கம்பெனியா?" என்று கேட்டாள்.

"பொட்டுக் கம்பெனிக்குப் பெரியம்மா."

இரண்டு பேரும் சிங்கப்பெருமாள் கோயில் வரை சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பொட்டு நின்றது.

பொட்டு, பிளாஸ்திரி, பழத்தில் ஒட்டிய சீட்டு, பார்சல் டேப், ஆஸ்பத்திரித் தகடு, எல்லாம் ஒரே சாதிப் பசைதான். மற்ற பசைகளுக்குத் தண்ணீர் வேண்டும், அல்லது சூடு வேண்டும், அல்லது காய வேண்டும். இதற்கு எதுவும் வேண்டாம். அழுத்தினால் போதும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் தோலிலும் உண்டு, கண்ணாடியிலும் உண்டு. அழுத்தும்போது இந்தப் பசை தேன் மாதிரி நகர்ந்து அந்தப் பள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். பிய்க்கும்போது ரப்பர் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். ரொம்ப இளகினால் ஒழுகிவிடும். ரொம்ப இறுகினால் பள்ளத்துக்குள் இறங்காது. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வெறும் ரப்பர் ஒட்டாது. அதோடு பிசின் சேர்த்துச் சூட்டில் பிசைய வேண்டும். எங்கள் தகட்டில் இன்னொன்றும் சேர்ப்போம். வியர்வையைக் குடிக்கிற பொடி. தோலில் ஊறும் ஈரத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் தோல் புண்ணாகாது. பரோட்டா மாவு பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு லாரி என்ஜின் பலத்தோடு, தண்ணீர் ஒரு சொட்டும் படாமல் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகடாக அழுத்தி, ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக்கும் இன்னொரு பக்கம் உரிக்கிற தாளும் வைத்து, வட்ட வட்டமாக வெட்டுவோம். எல்லாவற்றிலும் ஒட்டுகிற பசை அந்த ஒரு தாளில் மட்டும் ஒட்டாது. அந்தத் தாள் இல்லையென்றால் எங்கள் பிழைப்பே இல்லை.

செங்கல்பட்டில் இறங்கி நாலு இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி எங்கள் பக்கம் சரியாக வராது. அதற்காக இந்த ஊரைக் கொஞ்சம் மன்னித்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்குப் போய், அவளுக்குப் பிளேட் போடச் சொல்லிக்கொடுத்த நர்ஸைப் பார்த்தேன். கெட்டிக்காரப் பெண். நின்றுகொண்டேதான் பேசினார். உட்கார நேரமில்லை.

"கஸ்தூரிதான? மீன் விக்கிற அம்மா. நல்லா ஞாபகம் இருக்கு மேடம். இங்க இருந்த வரைக்கும் ஒட்டுனா ஒட்டுன மாதிரி நின்னுச்சு. வீட்டுக்குப் போனதும் ஒரு நாள் தாங்கல. மறுபடி வரவெச்சு நானே போட்டு அனுப்புனேன். அது நின்னுச்சு. அடுத்தது அவங்க வீட்டுல போட்டாங்க, விழுந்துடுச்சு."

"அதே பெட்டிப் பிளேட்டா?"

"அதே கம்பெனி. என்கிட்ட இருக்கறது இந்த அலமாரியில இருந்து. அவங்களுது அவங்க வீட்டுல இருந்து."

எனக்கு விடை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எண்ணெய். அரிக்கிறது என்று தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு அதன்மேல் ஒட்டியிருப்பாள். இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்மேல் எந்தப் பசையும் நிற்காது. போய் இரண்டு சத்தம் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பஸ் ஏறினேன்.

அந்த பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பக்கவாட்டுக் கண்ணாடி கழன்று ரோட்டில் விழுந்தது. கம்பியோடு சேர்த்துப் பழுப்பு டேப்பைச் சுற்றித்தான் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் கண்ணாடியைப் பொறுக்கப் போனார்.

"நேத்துதாம்மா புது டேப்பு வாங்கி ஒட்டுனேன்" என்று கண்டக்டர் என்னிடம் முறையிட்டார். நான் எதுவும் கேட்கவே இல்லை. என் முகம் அப்படி.

"புழுதியைத் துடைச்சீங்களா?"

"இல்ல."

"அப்போ டேப் புழுதியிலதான் ஒட்டியிருக்கு. புழுதி கம்பியில ஒட்டலை. கழண்டு விழாம என்ன செய்யும்?"

துடைத்துவிட்டு ஒட்டினார். "ஏம்மா, அரசாங்கத்துல இருந்து செக்கிங் வந்திருக்கீங்களா?" என்று கடைசி வரை சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். டிக்கெட்டை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தார்.

புதுப்பட்டினம் லாட்ஜில் ஒரு கல்யாணக் கூட்டம் எல்லா அறைகளையும் எடுத்துவிட்டது. கட்டில் தேடி மாமல்லபுரம் வரை போக வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் விலையை என்னிடம் சொன்னார்கள். சண்டை போட்டு ஓசூர் விலைக்குக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை காலை கடற்கரைக்குப் போனேன். கோயிலைப் பார்க்கப் போகவில்லை. அறையில் மின்விசிறி ஓடவில்லை, அதனால் போனேன். மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு ஃபைபர் படகின் வயிற்றில் நீளமான வெடிப்பு. அதன்மேல் வெள்ளி நிற டேப்பை நாலு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். படகில் ஈரம் சொட்டியது.

"அண்ணே, ஈரத்து மேல ஒட்டுறீங்களே. அலை அடிச்சா பிச்சுக்கிட்டுப் போகாதா?"

"போனா போவட்டும்க்கா."

"படகு முழுகிடுமே!"

"நீச்ச தெரியும்க்கா" என்றார். அதோடு என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இவர்களோடு என்ன பேசுவது?

ஷேர் ஆட்டோவில் புதுப்பட்டினம் வந்தேன். என் மடியில் யாருடைய மீன் கூடையோ பாதி உட்கார்ந்திருந்தது. ஹமீது பாய் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். சந்தை வாசலுக்கு எதிரே இருக்கிறது. நான் கற்பனை செய்த மீசைக்காரர் இல்லை. ஒல்லியான, தாடி நரைத்த மனிதர். போனில் கத்தியவர் இவர்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"ஓசூர்லர்ந்தா? அல்லாவே, நெசமாவே வந்துட்டியாம்மா? நான் சும்மா மிரட்டுனேன்."

"வாயில ஒட்டிக்கச் சொன்னீங்களே, அதுக்குத்தான் வந்தேன்."

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நாஸ்தா துன்னியா? மொதல்ல நாஸ்தா" என்று பக்கத்துக் கடையிலிருந்து பாயாவும் ஆப்பமும் வரவழைத்தார். நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து கஸ்தூரியின் கதையைச் சொன்னார்.

சந்தையில் வாசலைப் பார்த்த முதல் இடம் கஸ்தூரியுடையது. அவள் குரல் இந்தக் கடை வரை கேட்கும் என்றார். ஆபரேஷன் முடிந்து, உடம்பு தேறி, திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் கூடையோடு ஷேர் ஆட்டோவில் வரும்போது பிளேட் கழன்றுவிட்டது. புடவை நனைந்தது. ஆட்டோவில் மூக்கைப் பொத்தினார்கள். இறங்கினாள். சந்தைக்குப் போகவில்லை. நேராகக் கடலுக்கு நடந்தாள். புடவையோடு மார்பளவு தண்ணீரில் போய் நின்றாள். பார்த்தவர்கள் சாகப் போகிறாள் என்று ஓடிப்போய் இழுத்தார்கள். "வுடுங்க, கழுவிகினு வரேன்" என்றாளாம்.

"அன்னிலர்ந்து வெளிய வரலம்மா. சோறு துன்னா பை ரொம்பும், பை ரொம்புனா பிளேட்டு கழலும்னு, கஞ்சித் தண்ணி மட்டும் குடிச்சிகினு கீது. எலும்பாப் போச்சு. எடத்துல அவ நாத்தனார் பொன்னி குந்திகினு கீது. அதுக்கு வியாபாரம் வராது. கஸ்தூரி இப்பிடியே இருந்தா எடமும் போயிடும், ஆளும் போயிடும்."

பாயா நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாதியில் கையைக் கழுவிவிட்டேன்.

கஸ்தூரியின் குப்பம் சந்தையிலிருந்து கொஞ்ச தூரம். தகரக் கூரை போட்ட வீடு. பாய் வெளியே படகு நிழலில் நின்றுகொண்டார். உள்ளே கஸ்தூரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்பதுக்கு மேல் இருக்கும். தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணில் மட்டும் சந்தைக்காரி உயிரோடு இருந்தாள்.

"யாரு இது? கம்பெனியா? ஒட்டாத சரக்க வித்துட்டு வேடிக்க பாக்க வந்துகிறியா?"

"ஆமா. எப்படி ஒட்டலைன்னு பாக்கத்தான் வந்தேன். எண்ணெய் தடவுறியா?"

"எண்ணெயா? எங்க வூட்டுல கொழம்புக்கே எண்ணெய் இல்ல."

"சோப்பு?"

"சிஸ்டர் வேணாம்னுச்சு. போடறதில்ல."

"பவுடர்?"

"யக்கா, நான் இன்னா ஜோடிச்சிகினு கூத்துக்கா போறேன்?"

ஒட்டிக் காட்டச் சொன்னேன். முதலில் மறுத்தாள். நான் என் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். "நான் இதைப் பாத்துப் பாத்துச் சலிச்சவ. எனக்கு அருவருப்பும் கிடையாது, நேரமும் கிடையாது" என்றேன். அது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். கதவைச் சாத்தினாள்.

பழைய தகட்டை மெதுவாக உரித்தாள். தோல் அங்கங்கே சிவந்திருந்தது, ஆனால் புண் இல்லை. வெறும் தண்ணீரில் துடைத்தாள். சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றி உலர்த்தினாள். விசிறியால் விசிறிக்கொண்டாள். நர்ஸ் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குக் குழப்பமாகிவிட்டது. எண்ணெய் என்று நான் எழுதி வைத்திருந்த விடை போயே போய்விட்டது.

"சரி, பிளேட்டை எடு" என்றேன்.

கஸ்தூரி எட்டி, மூலையில் இருந்த தெர்மகோல் பெட்டியை இழுத்தாள். மீன் வைக்கிற பெட்டி. மூடியைத் திறந்தாள். உடைத்த ஐஸ். அதற்குள் கையை விட்டு, மேலே இருந்த வஞ்சிரத் துண்டுகளை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாதபடி முடிச்சுப் போட்டிருந்தாள். அதற்குள் எங்கள் தகடு.

கையில் வாங்கினேன். பீங்கான் தட்டு மாதிரி விறைத்திருந்தது. தாளை உரித்தேன். உரித்த உடனே பசைமேல் பனி பூத்தது. விரலை வைத்துப் பார்த்தேன். பசையே இல்லாத மாதிரி வழுக்கியது.

"அடிப்பாவி! இதைப் போய் ஐஸ்ல வெப்பாங்களா? பசை விறைச்சுப்போய்க் கிடக்கு. விறைச்ச பசை தோலுக்குள்ள எப்படி இறங்கும்? போதாததுக்கு மேல தண்ணி வேற கோக்குது. வியர்வையைக் குடிக்க வேண்டிய பொடி இந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு வயிறு ரொம்பிக் கிடக்கும். உன்னை யாரு இதை ஐஸ்ல..."

"கத்தாத!" என்றாள். என்னைவிடப் பெரிய குரல். எலும்பும் தோலுமான உடம்பிலிருந்து அது எப்படி வந்ததோ. "மேல பாரு. இன்னா கீது? தகரம். மொத மொத வாங்குன பெட்டிய அலமாரில வெச்சேன். பசை வழிஞ்சி தாளோட ஈஷிகினு நாசமாப் போச்சு. வெயில்ல கெட்டுப் போற பொருள ஐஸ்ல வெக்காம அடுப்புலயா வெப்பாங்க? நான் பொறந்ததுலர்ந்து கெடாம இருக்கணும்னா ஐஸ்ல வெச்சிதான் பழக்கம். பெட்டி மேலயும் ஜில்லுனு வெக்கணும்னுதான் போட்டுகீதாம். பாயக் கேளு."

கதவுக்கு வெளியே இருமல் கேட்டது. "நாந்தாம்மா படிச்சி சொன்னேன்" என்றார் பாய். "இருபத்தஞ்சு டிகிரிக்குக் கீழ வெக்கணும்னு போட்டுகீது. கஸ்தூரி வூட்டுல அதுக்குக் கீழ கீற எடம் ஐஸ் பெட்டி ஒண்ணுதான?"

எழுந்து நின்று கையை உயர்த்தினேன். தகரத்தைத் தொட முடியவில்லை. அதற்கு முன்பே அனல் உள்ளங்கையில் அடித்தது. பெட்டியில் அந்த வரியை எழுதியவர்கள் ஓசூரில், மூடிய அறையில், சில்லென்று உட்கார்ந்து எழுதினார்கள். எனக்கு அந்த அறை தெரியும். நானும் அந்த அறையில்தான் தேநீர் குடிப்பேன். இந்தப் பெண் தன்னிடமிருந்த அறிவையெல்லாம் போட்டு, எங்கள் தகட்டை வஞ்சிரத்தைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறாள். இரண்டு சத்தம் போடலாம் என்று வந்தேனே, அது இப்போது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

தாள் உரிக்காத வேறொரு தகட்டை எடுத்து, ஈரமில்லாமல் துடைத்து, என் அக்குளில் வைத்துக்கொண்டேன். கஸ்தூரி முதல் முறையாகச் சிரித்தாள்.

"இன்னாக்கா, முட்ட அட வெக்கிறியா?"

"ஆமா. பொரிஞ்சதும் சொல்றேன்."

விறைப்பு போய் வெதுவெதுப்பாக, வளைத்தால் வளைகிற பதத்துக்கு வந்தது. தாளை உரித்துக் கொடுத்தேன். அவளே ஒட்டினாள். "கையை எடுக்காதே. உள்ளங்கையை மேல வெச்சு அழுத்திக்கிட்டே உக்காரு. உன் உடம்புச் சூடு அதுக்குள்ள போகணும். அப்பதான் பசை இளகித் தோலுக்குள்ள இறங்கும்" என்றேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் விசிறிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் நாத்தனார் பொன்னி சந்தையிலிருந்து காலிக் கூடையோடு வந்தாள். "யண்ணி, சங்கரா எல்லாம் போயிட்சி" என்று வாசலிலிருந்தே பெருமையாகச் சொன்னாள்.

"இன்னா வெலக்கி?"

பொன்னி விலையைச் சொன்னாள். கஸ்தூரி ஒரு கையால் வயிற்றை அழுத்தியபடியே மறு கையால் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்கு சும்மாவே குடுத்துட்டு கால்ல வுழுந்து கும்புட்டுட்டு வந்துக்கலாமே!"

"கேக்கறாங்களே யண்ணி. பாவமா கீது."

"பாவமா? அவங்க வூட்டுல கார் நிக்கிது!"

பொன்னி என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லுக்கா, இவளயே வந்து விக்கச் சொல்லு. எனக்கு அந்த எடமே பேஜாரு" என்றாள். கேலியாகச் சொன்னாலும் குரல் கெஞ்சியது.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. சந்த ரொம்பி வழியும். அங்க வுழுந்துட்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

விழாது என்று சொல்ல வாய் வரவில்லை. எந்தப் பசைக்கும் நான் சத்தியம் செய்ததில்லை. "இன்னிக்கு ராத்திரி சோறு தின்னு. மீன் கொழம்போட, வயிறு நிறைய. பை நிரம்பட்டும். காலை வரைக்கும் நின்னா சந்தைக்கு வா. நிக்கலைன்னா நான் மாமல்லபுரம் லாட்ஜுலதான் இருப்பேன், எதுன்னு பாய்கிட்ட சொல்லிட்டுப் போறேன். வந்து செருப்பால அடி."

"அடிப்பேன்" என்றாள் விளையாட்டில்லாமல்.

தகடுகளை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பாய் வாசலில் வந்து நின்று, தன் கடையில் இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்றார். "ஃப்ரிட்ஜ் பக்கமே போகாதீங்க பாய்" என்று கும்பிட்டேன். கடைக்குப் பின்னால் தடித்த சுவர் வைத்த ஒரு பழைய அறையும் இருக்கிறதாம். வெயில் எட்டிப் பார்க்காது. அங்கே பெட்டியை வைப்பது, சந்தைக்கு வரும்போது கஸ்தூரி வேண்டியதை மட்டும் எடுத்துப்போவது, வீட்டில் அவசரத்துக்கு ஒன்றை மட்டும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் தண்ணீர்ப் பானை ஓரமாக வைப்பது என்று பேசி முடித்தோம்.

"சந்தைக்கு வந்தாத்தான எடுக்க முடியும்?" என்றாள் கஸ்தூரி.

"அத்தத்தான் நானும் சொல்லிகினு கீறேன்" என்றார் பாய்.

சாயங்காலம் எங்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். பசையில் குறை இல்லை என்றதும் மனிதருக்கு உற்சாகம். "அப்போ உபயோகிச்சவங்க தப்புன்னு முடிச்சிடுங்க மேடம்."

"எது தப்பு சார்? கெட்டுப்போற பொருளை ஐஸ்ல வெச்சதா?"

"பெட்டியில தெளிவா போட்டிருக்கோமே."

"எல்லாரும் ஏசியில குடியிருக்காங்கன்னு நினைச்சுப் போட்டிருக்கோம். இங்க வந்து தகரத்துக்கு அடியில ஒரு மத்தியானம் உக்காந்துட்டு, அப்புறம் போடுங்க. ஐஸ்ல வெக்காதே, கையில வெச்சுச் சூடாக்கி ஒட்டுன்னு தமிழ்ல நாலு வார்த்தை போட என்ன கேடு?"

"பாக்கலாம் மேடம்."

பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்கள். "திங்கட்கிழமை நேர்ல வரேன், அப்போ பாக்கறீங்களா இல்லையான்னு நான் பாக்கறேன்" என்று வைத்தேன்.

அன்று இரவு சாப்பிட்டது எதுவும் நினைவில்லை. மின்விசிறி இப்போது ஓடியது. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

யாரும் வரவில்லை. வராததற்கும் நல்ல அர்த்தம் ஒன்று உண்டு, கெட்ட அர்த்தம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் புதுப்பட்டினத்துக்குப் போனேன்.

சந்தை வாசலில் இறங்கும்போதே கேட்டது. பாய் சொன்னது பொய்யில்லை. பஸ் இரைச்சலுக்கு மேல் ஒரு குரல்: "வா வா வா! சங்கரா வா! உசுரோட கீது, பேசிப் பாத்து வாங்கிகினு போ!"

முதல் இடத்தில் கஸ்தூரி. பக்கத்தில் பொன்னி, நிம்மதியாகச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். எதிரே கடை வாசலில் பாய் நின்று என்னைப் பார்த்துத் தாடியைத் தடவினார். நான் கூட்டத்துக்குள் புகுந்து கஸ்தூரிக்கு நேர் எதிரே போய் நின்றேன். என் கண் என்னை மீறி அவள் இடுப்புக்குப் போனது. புடவைக் கட்டைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் எத்தனையோ சோதனை செய்வோம். இழுப்போம், உரிப்போம், எடை கட்டித் தொங்கவிடுவோம். எதற்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் வஞ்சிரத்தைத் தூக்கி, செவுளை விரித்து, முகர்ந்து பார்த்து, "நேத்து மீனு மாதிரி கீதே" என்றார்.

"நேத்து மீனா?" கஸ்தூரி இருந்த இடத்திலிருந்து பாதி எழுந்தாள். பலகையின்மேல் வயிறு அழுந்த முன்னால் சாய்ந்து, அவர் கையிலிருந்த மீனைப் பிடுங்கி, அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நல்லா மோந்து பாரு அண்ணாத்த! காத்தால கரைக்கி வந்த மீனு! நேத்து மீனு வேணும்னா உன் வூட்டு ஃப்ரிட்ஜுல கீது, போய் எடுத்து துன்னு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அசடு வழிந்து விலையைக் கேட்டார். கஸ்தூரி சொன்னாள். அவர் குறைத்துக் கேட்டார். அவள் மறுபடி முன்னால் சாய்ந்தாள், திரும்பினாள், குனிந்து தராசை எடுத்தாள், கத்தியைப் பொன்னி பக்கம் தள்ளினாள். ஒரு முறைகூட அவள் கை வயிற்றுப் பக்கம் போகவில்லை.

நான் கேட்க வாயைத் திறந்தேன். ராத்திரி சோறு தின்றாயா, எரிச்சல் இருக்கிறதா, ஓரம் எங்காவது தூக்குகிறதா என்று கேட்க வேண்டியது நிறைய இருந்தது.

கஸ்தூரி தராசிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"யக்கா, வாங்கறதுன்னா வாங்கு. இல்லாங்காட்டி நவுரு. வியாபாரத்த மறைக்காத."

நகர்ந்தேன்.